வாடகைக்கு வீடு விடுகிறீர்களா? காப்பீட்டையும் பொறுப்பையும் முதலில் சரிசெய்யுங்கள்

வாஷ்பேசினுக்கு அடியில், சுவரிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஒரு கனெக்‌ஷன் பைப் இருக்கும். அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் நட். நான் வாடகைக்கு விட்டிருந்த மாடி வீட்டில் அந்த நட் ஒருநாள் நடு இரவில் உடைந்தது. விடியும்போது கீழ் வீட்டின் கூரை முழுக்க ஊறி, அங்கே குடியிருந்தவரின் மெத்தை, கணினி, ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் எல்லாம் நனைந்து கிடந்தன.

பாலிசி இருக்கிறதே என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்தார். டார்ச்சை அடித்து அந்த நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசலைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்து கெட்டியாகியிருந்தது. "இது எத்தனை நாளாகச் சொட்டுகிறது?" என்று கேட்டார். மாடியில் குடியிருந்தவர் நேர்மையானவர். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சார்கிட்ட சொன்னேனே" என்றார். சொன்னது உண்மைதான். போனில் சொன்னார், பார்க்கலாம் என்றேன், மறந்துபோனேன்.

அந்த ஒரு பதிலில் இரண்டு கதவுகள் மூடிக்கொண்டன. திடீரென்று வெடித்த குழாய்க்குப் பாலிசி பணம் தரும். மாதக்கணக்கில் கசிந்ததற்குத் தராது. அது முதலாவது. இரண்டாவது, குறை தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டதால் கீழ் வீட்டுக்காரரின் நஷ்டம் என் தலையில் விழுந்தது. என் பாலிசியில் அடுத்தவர் நஷ்டத்துக்கான பகுதியே இல்லை. எல்லாவற்றையும் கைக்காசில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் வாடகைக்கு விடுபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டமும் பாலிசி வாசகமும் நாட்டுக்கு நாடு மாறும். காப்பீடு வேலை செய்யும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்.

1. எதை இழக்கக்கூடும் என்று முதலில் எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து நான்கு தலைப்புகள் போடுங்கள்: கட்டடம், வீட்டுக்குள் இருக்கும் உங்கள் பொருட்கள் (நீங்கள் மாட்டிக்கொடுத்த மின்விசிறி, வாட்டர் ஹீட்டர், அலமாரி போன்றவை), நின்றுபோகக்கூடிய வாடகை, உங்கள் வீட்டால் மற்றவருக்கு ஏற்படக்கூடிய காயம் அல்லது நஷ்டம்.

முதல் மூன்றுக்கும் ஒரு எல்லை உண்டு. வீடு முழுக்க எரிந்தாலும் போவது அந்த வீட்டின் மதிப்புதான். நான்காவதற்கு எல்லையே கிடையாது. ஆடிக்கொண்டிருந்த கைப்பிடிக் கம்பி பெயர்ந்து ஒருவர் மாடியிலிருந்து விழுந்து, இனி எழுந்து நடக்க முடியாது என்றாகிவிட்டால், அவருடைய ஆயுள் முழுவதற்கான மருத்துவச் செலவும் அவர் சம்பாதித்திருக்கக்கூடிய வருமானமும் கணக்கில் வரும். அந்தத் தொகை வீட்டின் விலையையே தாண்டலாம். புதிதாக வாடகைக்கு விடுபவர்கள் பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும் போட்டுவிட்டு இந்த நான்காவதை விட்டுவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

2. வாடகைக்கு விட்டிருப்பதை நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லுங்கள்

நீங்களே குடியிருந்தபோது எடுத்த வீட்டுப் பாலிசி, வாடகைக்கு விட்டதும் அப்படியே தொடரும் என்று நினைக்காதீர்கள். சொந்தக்காரர் குடியிருக்கும் வீடு வேறு, வாடகை வீடு வேறு என்றுதான் நிறுவனங்கள் ஆபத்தைக் கணக்கிடுகின்றன. காப்பீட்டு ஒப்பந்தம் முழு நல்லெண்ணத்தின் மேல் நிற்பது. அவர்கள் முடிவை மாற்றக்கூடிய விவரத்தை மறைத்தால், கிளெய்ம் வரும் நாளில் கை விரித்துவிட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். யார் குடியிருக்கிறார்கள், எத்தனை குடும்பம், அறை அறையாக விட்டிருக்கிறீர்களா, கீழே கடை இருக்கிறதா, சில நாட்கள் மட்டும் தங்கும் விருந்தினர்களுக்கு விடுகிறீர்களா எல்லாவற்றையும் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்ன குறுகியகால வாடகை பல பாலிசிகளில் தனி வகை. ஏஜென்ட் "அதெல்லாம் பரவாயில்லை" என்று வாயால் சொன்னால் போதாது. மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் கொடுத்த வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். வங்கியின் அக்கறை அதன் கடனோடு நிற்கிறது. அந்தப் பாலிசி கட்டடத்தை மட்டும், சில சமயம் கடன் பாக்கி அளவுக்கு மட்டும் காக்கும். உங்கள் பொருட்கள், வாடகை, அடுத்தவர் காயம் எதுவும் அதில் இல்லாமல் போகலாம்.

அடுக்குமாடியில் ஒரு வீடு வைத்திருப்பவர்கள் சங்கத்தின் பாலிசிப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சில பாலிசிகள் வெறும் சுவர் வரைதான் காக்கும்; சில, உள்ளே பொருத்தியவற்றையும் சேர்த்துக்கொள்ளும். அது எங்கே நிற்கிறதோ அங்கிருந்து உங்களுடையது தொடங்க வேண்டும்.

பெயரையும் சரிபாருங்கள். பத்திரத்தில் இருவர் பெயர், பாலிசியில் ஒருவர் பெயர் என்று இருந்தால் அதை இப்போதே திருத்திவிடுங்கள்.

3. தொகையைச் சரியாகப் போடுங்கள்

இங்கே பலர் தவறுவது ஒரே இடத்தில். வீட்டின் விற்பனை விலையைப் பார்த்துத் தொகை போடுகிறார்கள். அந்த விலையில் நிலத்தின் மதிப்பும் இருக்கிறது; நிலம் எரிவதில்லை. காப்பீட்டுக்கு வேண்டியது, இதே வீட்டை இன்றைய கூலிக்கும் பொருள் விலைக்கும் திரும்பக் கட்ட ஆகும் செலவு. இடிபாடுகளை அள்ளும் செலவு, வரைபடம் போடுபவருக்கான கட்டணம், அனுமதிக் கட்டணம் எல்லாம் அதில் சேரும்.

குறைத்துப் போட்டால் பிரீமியம் குறையும், நஷ்டமும் சின்னதாகத்தான் வரும் என்று கணக்குப் போடுபவர்களுக்காகவே பல பாலிசிகளில் ஒரு விதி உண்டு: எந்த விகிதத்தில் குறைத்துப் போட்டீர்களோ, அதே விகிதத்தில் கிளெய்மும் குறையும். திரும்பக் கட்ட 100 பங்கு பணம் வேண்டிய வீட்டுக்கு நீங்கள் 60 பங்குக்குத்தான் போட்டிருக்கிறீர்கள். சமையலறையில் தீப்பிடித்து 20 பங்கு நஷ்டம். 60-க்குள்தானே இருக்கிறது, 20-ம் முழுதாக வரும் என்றுதான் தோன்றும். வராது. 20-ல் நூற்றுக்கு அறுபது, அதாவது 12 பங்குதான் கைக்கு வரும். மீதி 8 உங்களுடையது. கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே இருப்பதால், மூன்று வருடத்துக்கு முன்பு சரியாகப் போட்ட தொகைகூட இன்று குறைவாகியிருக்கலாம். ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் ஒரு கட்டடப் பொறியாளரிடம் சதுர அடிக்கு இப்போது என்ன ஆகிறது என்று கேட்டுத் தொகையைத் திருத்துங்கள்.

அப்புறம், இழப்பை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று பாருங்கள். தேய்மானம் கழித்துத் தருவார்களா, புதிது வாங்கும் விலை தருவார்களா? பத்து வருடம் உழைக்கக்கூடிய வாட்டர் ஹீட்டர் ஏழாவது வருடத்தில் எரிந்துபோனால், முதல் வகையில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்குதான் வரும். பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் கட்டடத்துக்காவது புதுவிலை வகையை எடுங்கள் என்பது என் கருத்து. அந்தக் கூடுதலை, ஒவ்வொரு கிளெய்மிலும் நிறுவனம் தருவதற்கு முன் உங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகையைக் கொஞ்சம் உயர்த்தி ஈடுகட்டலாம். சின்னச் சின்ன நஷ்டங்களை நாமே தாங்கிவிடலாம். தாங்க முடியாததற்குத்தான் காப்பீடு.

4. "எதற்குத் தரமாட்டோம்" என்ற பக்கத்தை முதலில் படியுங்கள்

விளம்பரத் தாளில் தருவதை எல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நீங்கள் பாலிசியின் உள்ளே விலக்குகள் என்ற பகுதிக்குப் போங்கள். பெயர் சொல்லப்பட்ட ஆபத்துகளுக்கு மட்டும் தரும் பாலிசியா, விலக்கியவை தவிர எல்லாவற்றுக்கும் தரும் பாலிசியா என்று பாருங்கள். முதல் வகையில் பட்டியலில் இல்லாதது நடந்தால் ஒன்றும் வராது.

வழக்கமாக விலக்கப்படுபவை தேய்மானம், கரையான், பூஞ்சை, மெதுவான கசிவு, பராமரிக்காததால் வந்த சேதம். வெள்ளமும் நிலநடுக்கமும் பல இடங்களில் தனியாகச் சேர்க்க வேண்டியவை. குழாய் வெடித்து வரும் தண்ணீர் வேறு, வெளியிலிருந்து வீட்டுக்குள் ஏறும் வெள்ளம் வேறு. இரண்டும் தண்ணீர்தானே என்று வாதாடிப் பயனில்லை.

வாடகைக்கு விடுபவர்களைக் குறிப்பாகக் கடிக்கும் விலக்கு ஒன்று உண்டு: காலி வீடு. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் வீடு பூட்டிக் கிடக்கும் அல்லவா? பல பாலிசிகள் தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ ஆளில்லாமல் இருந்தால் திருட்டு, தண்ணீர்ச் சேதம் போன்றவற்றுக்கான பாதுகாப்பை நிறுத்திவிடும். உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆகும்போல் தெரிந்தால் முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். மெயின் வால்வை மூடிவிட்டு, வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, போன தேதியைக் குறித்து வையுங்கள்.

வாடகை இழப்புப் பகுதியையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பாலிசி ஏற்கும் ஒரு சேதத்தால் வீடு குடியிருக்க முடியாமல் போனால், சரிசெய்யும் காலத்துக்கு அது வாடகையைத் தரும். குடியிருப்பவர் வாடகை கொடுக்காமல் இழுத்தடிப்பதற்கு அது தராது. அதற்குக் கிடைக்கும் இடங்களில் தனிப் பாலிசி உண்டு.

5. அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான பாதுகாப்பு

வண்டிக்கு தேர்ட் பார்ட்டி போடாமல் ரோட்டில் இறங்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும். வீட்டுக்கும் அதே மாதிரி ஒன்று உண்டு: உரிமையாளரின் பொறுப்புக் காப்பீடு. குடியிருப்பவர், அவர் வீட்டுக்கு வரும் விருந்தினர், கூரியர் கொண்டுவருபவர், பக்கத்து வீட்டுக்காரர் என யாருக்காவது உங்கள் வீட்டால் காயமோ சொத்து நஷ்டமோ வந்து, சட்டப்படி நீங்கள் பொறுப்பு என்றானால் அது கொடுக்கும். பெரும்பாலான பாலிசிகளில் வழக்கறிஞர் செலவும் இதில் அடங்கும். தப்பே செய்யாவிட்டாலும் நம்மேல் வழக்குப் போட முடியும் என்பதால் அந்தச் செலவு பெரிய விஷயம். அது வரம்புத் தொகைக்குள்ளேயே கழிக்கப்படுகிறதா, அதற்கு மேல் தனியாகத் தரப்படுகிறதா என்று கேளுங்கள். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, வருடம் முழுவதற்கும் எவ்வளவு என இரண்டு வரம்புகள் இருக்கும்; இரண்டையும் கேளுங்கள்.

வரம்பு எவ்வளவு வேண்டும்? உங்கள் எல்லாச் சொத்தையும் சேமிப்பையும் கூட்டிப் பாருங்கள். அதற்குக் குறைவாகப் போட்டால் மிச்சத்தைப் பணயம் வைக்கிறீர்கள். சாதாரண பாலிசியின் வரம்பு போதாதவர்களுக்கு, அது தீர்ந்த பிறகு அதற்கு மேல் வேலை செய்யத் தொடங்கும் குடை பாலிசி சில நாடுகளில் கிடைக்கிறது. கிடைத்தால் விசாரியுங்கள். பெரிய விபத்துகள் அரிதானவை என்பதால், கூடுதல் வரம்புக்கான பிரீமியம் பெரும்பாலும் பயந்த அளவுக்கு ஏறாது.

பொறுப்பு எப்போது உங்கள்மேல் விழும்? நீதிமன்றங்கள் பெரும்பாலும் பார்ப்பது இவற்றைத்தான்: அந்த ஆபத்து உங்களுக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? சரிசெய்ய நியாயமான அவகாசம் இருந்ததா? செய்தீர்களா? என் நட்டுக் கதையில் முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதுக்கு இல்லை.

நமக்கே தெரியாமல், ஆள் வைத்துச் செய்த வேலையால்கூடப் பொறுப்பு வரலாம். இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்பவர் தன் மில்லுக்காக ஒரு நீர்த்தேக்கத்தை ஒப்பந்தக்காரர்களை வைத்துக் கட்டினார். தோண்டும்போது பழைய சுரங்கக் குழிகள் தென்பட்டும் அவர்கள் சரியாக அடைக்கவில்லை. 1860ல் தண்ணீர் நிரப்பியதும் அது உடைத்துக்கொண்டு பக்கத்தில் ஃபிளெட்சர் என்பவரின் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. 1868ல், அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாக அன்று இருந்த பிரபுக்கள் சபை, ரைலண்ட்ஸிடம் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் அவரே நஷ்டத்துக்குப் பொறுப்பு என்றது. அந்தத் தீர்ப்பு இன்று ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாகக் கையாளப்படுகிறது. மாடியில் தொட்டி கட்டும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு நினைவுக்கு வரும்.

அதனால் வேலைக்கு வருபவர்களிடம், அவர்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டுச் சான்றிதழின் பிரதியை வாங்கி வையுங்கள். உயரத்தில் ஏறி வேலை செய்பவர் விழுந்தால், அவருடைய முதலாளியிடம் காப்பீடு இல்லை என்றால், அடுத்து உங்களைத்தான் தேடி வருவார்கள்.

6. வீட்டைச் சுற்றி ஒரு நடை, கையில் ஒரு நோட்டு

பாலிசி எடுத்த கையோடு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். படிக்கட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் எடை முழுவதையும் கொடுத்து இழுங்கள். சுவரில் பதித்த இடத்தில் சிமெண்ட் பொடியாக உதிர்ந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு குழந்தையின் தலை நுழையுமா என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி மூடி பூட்டும்படி இருக்க வேண்டும்.

மெயின் போர்டில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி இருக்கிறதா? ஆட்களைக் காப்பாற்றப் பொருத்தப்படுவது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும். அதில் சோதனை பட்டன் ஒன்று இருக்கும். அழுத்தினால் மின்சாரம் போக வேண்டும். போகவில்லை என்றால் கருவியை மாற்றுங்கள். மினியேச்சர் பிரேக்கர் (எம்.சி.பி.) இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது ஒயர் எரியாமல் பார்த்துக்கொள்ளும், ஷாக் அடிப்பவரைக் காப்பாற்றாது.

காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் தயவுசெய்து இன்றே அகற்றுங்கள். எரிவாயு சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உள்ளே குளிப்பவர் மயங்குவது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. எந்தக் காப்பீடும் இதற்கு ஈடாகாது.

இப்போது நோட்டு. குடியிருப்பவர் எந்தக் குறையைச் சொன்னாலும் தேதி, சொன்ன விஷயம், யாரை அனுப்பினேன், என்றைக்கு முடிந்தது என நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். பில்லை ஒட்டி, முன்னும் பின்னும் எடுத்த போட்டோவைச் சேமியுங்கள். போனில் சொன்னால், "நீங்கள் சொன்னது கிடைத்தது, வியாழக்கிழமை ஆள் வருவார்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை என்று காட்ட இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. எழுதிவிட்டுச் செய்யாமல் இருந்தால் அதே நோட்டு உங்களுக்கு எதிராகத் திரும்பும் என்பதையும் மனதில் வையுங்கள்.

7. ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியவை

குடியிருப்பவரின் பொருட்களை உங்கள் பாலிசி காக்காது. இதை ஒப்பந்தம் போடும் நாளிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். பலர் வீட்டுக்காரரின் பாலிசியில் தங்கள் டிவியும் அடங்கும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வாடகைதாரருக்கான காப்பீடு கிடைக்கும் இடமாக இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சட்டம் அனுமதித்தால் நிபந்தனையாகவே போடுங்கள். அவருடைய கவனக்குறைவால் கீழ் வீடு நனைந்தால், அதற்கு அவர் பாலிசியின் பொறுப்புப் பகுதி கொடுக்கும். உங்கள் நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, உங்கள் இடத்தில் நின்று அவரிடம் வசூலிக்கும் உரிமையும் காப்பீட்டில் பொதுவாக உண்டு. காப்பீடு எடுத்துக்கொண்டால் அந்தச் சுமையிலிருந்து அவரும் தப்பிப்பார்.

குறைகளை உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவசரத்தில் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும், மெயின் வால்வும் மெயின் சுவிட்சும் எங்கே என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். "எந்த விபத்துக்கும் உரிமையாளர் பொறுப்பல்ல" என்று ஒரு வரி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பல நாடுகளில் வாடகை வீட்டு ஒப்பந்தத்தில் அந்த வரி நீதிமன்றத்தில் நிற்காது.

8. கம்பெனி தொடங்கலாமா?

வீட்டை ஒரு கம்பெனியின் பெயரில் வைத்தால் சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு என்ற ஆலோசனை அடிக்கடி வரும். தத்துவத்தில் சரி. கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி நபர். அதன் கடன் அதோடு நிற்கும். ஆனால் ஒரு சின்ன உரிமையாளர் வாடகையைத் தானே வாங்கி, ரிப்பேரைத் தானே பார்த்துக்கொள்ளும்போது, அவர் கையால் நடந்த தவறுக்கு அவரே நேரடியாகப் பொறுப்பாகலாம், கம்பெனி மறைக்காது. வீட்டுச் செலவையும் கம்பெனிக் கணக்கையும் கலந்துவிட்டால் நீதிமன்றம் அந்தத் திரையை விலக்கிப் பார்க்கவும் செய்யும். பெயர் மாற்றினால் வரி, வங்கிக் கடன் நிபந்தனை, பாலிசியில் பெயர் எல்லாவற்றையும் தொட வேண்டும். ஒன்றிரண்டு வீடுகளுக்கு நல்ல பொறுப்புக் காப்பீடே முதல் வேலை. வீடுகள் கூடும்போது வழக்கறிஞரையும் கணக்காளரையும் சேர்த்து உட்காரவைத்து முடிவெடுங்கள்.

9. நடந்துவிட்டால்

ஆட்களின் பாதுகாப்பு முதலில். அடுத்து நஷ்டம் பெருகாமல் தடுங்கள்: வால்வை மூடுவது, உடைந்த கூரைக்குத் தார்ப்பாய் போடுவது. இதைச் செய்யாவிட்டால் பெருகிய பகுதிக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். செய்த செலவுக்கு ரசீது வாங்குங்கள். துடைப்பதற்கு முன் போட்டோ, வீடியோ எடுங்கள். உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சர்வேயர் கேட்கும் முதல் பொருள் அதுதான்.

நிறுவனத்துக்கு அன்றே தெரிவியுங்கள். தாமதமே மறுப்புக்குக் காரணமாகலாம். யாராவது காயம்பட்டிருந்தால் மருத்துவமனைக்குப் போய் நலம் விசாரியுங்கள், மனிதராக நடந்துகொள்ளுங்கள். ஆனால் "எல்லாம் என் தப்பு, முழுச் செலவும் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்கவோ எழுதிக் கொடுக்கவோ வேண்டாம். பொறுப்பை நிறுவனத்தைக் கேட்காமல் ஒப்புக்கொண்டால் பல பாலிசிகளில் அது நிபந்தனை மீறல். வக்கீல் நோட்டீஸ் வந்தால் நீங்களே பதில் எழுதாமல் அப்படியே அனுப்பிவையுங்கள்.

சர்வேயரிடம் உண்மையை மட்டும் சொல்லுங்கள். ஒரு பொய் கலந்தால் உண்மையான நஷ்டமும் சேர்ந்து போய்விடலாம். கிளெய்மை மறுத்தால், பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிரிவை எடுத்துவைத்து நிதானமாகப் படியுங்கள். அவர்கள் சொல்வது பொருந்தவில்லை என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும், அங்கே தீராவிட்டால் உங்கள் நாட்டில் காப்பீட்டுக்கென்று இருக்கும் குறைதீர்ப்பாளருக்கோ ஒழுங்குமுறை அமைப்புக்கோ எழுதுங்கள். புகார் கொடுக்கக் காலக்கெடு இருக்கும்; மறுப்புக் கடிதம் வந்த தேதியை உங்கள் நோட்டில் முதல் வேலையாகக் குறித்துவிடுங்கள்.